கூனிப்பாறை உப்பு

ஏழாம் எண் குழாயில் ஒன்றும் வளரவில்லை. எட்டாம் எண்ணிலும் அப்படியே. மற்ற ஒன்பது மாடுகளின் ரத்தமும் மூன்று நாள் இளஞ்சூட்டில் இருந்து, செல்கள் பெருகி, கண்ணாடித் தகட்டில் குரோமோசோம்களைப் பரப்பிக் காட்டிவிட்டது. சுகிர்தம் ஒவ்வொன்றாக எண்ணி அறுபது, அறுபது என்று எழுதியும் முடித்துவிட்டாள். இந்த இரண்டில் மட்டும், பெருக வேண்டிய வெள்ளணுக்களையே காணோம். யாரோ முன்னாலேயே வந்து வழித்துக்கொண்டு போன மாதிரி வெறுமையாக இருந்தது.

ஐஸ் கரைந்திருக்கும் என்று முதலில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கம்பத்திலிருந்து மதுரைக்கு வரும்போது ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் டயர் வெடித்து ஒன்றரை மணி நேரம் நின்றது உண்மைதான். ஆனால் பதினொரு குழாயும் ஒரே பிளாஸ்கில்தான் வந்தன. ஒரே பிளாஸ்கில் இரண்டு மட்டும் எப்படிக் கெடும்? அந்தக் கேள்வி ஐந்து நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அது எழுபத்தாறாம் வருஷத்து ஏப்ரல் மாதம். சுகிர்தம் போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் வைகுண்டராஜின் மகள். மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. ஆராய்ச்சிக்காக இரண்டு வருஷம் விடுப்பு வாங்கியிருந்தாள். கம்பம் பள்ளத்தாக்கின் மலைமாடுகளில் காட்டுமாட்டு ரத்தம் கலந்திருக்கிறது என்று மலையில் கிடை போட்டு மாடு மேய்க்கும் கிடைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அது மெய்தானா என்று பார்ப்பதே அவள் வேலை. நாட்டுமாட்டுக்குக் குரோமோசோம் அறுபது. காட்டுமாட்டுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டும் சேர்ந்து பிறந்தால் ஐம்பத்தொன்பது வர வேண்டும். இந்த ஐம்பத்தொன்பதைத் தேடித்தான் ஒன்றரை வருஷமாக அவள் சுருளிமலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று கடைசியில் களக்குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஏப்ரல் ஒன்பது. காலை எட்டு மணி. வெப்பம் பதினேழு டிகிரி. பனிமூட்டம். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில், ‘கிடைக்காரர் தவசி சொன்னது: மேலே வெக்கை சாஸ்தி’ என்று இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு வாய்விட்டே படித்தாள்.

“பதினேழு டிகிரி. வெக்கை சாஸ்தி. இப்படியா எழுதி வைப்பேன் நான்?”

ஆய்வுக்கூட உதவியாளர் சின்னக்கருப்பு தொட்டியில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆண்டிபட்டிப் பக்கத்தில் மாடு கட்டி உழுத சம்சாரி வீட்டு மனிதர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே, பதினேழு என்றால் குளிர்தானே என்று கேட்டார். குளிர்தான், அன்றைக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தேன் என்றாள் அவள்.

“மாட்டுக்காரரு சொன்னதா? கிடையில நின்னுக்கிட்டா?”

“ஆமா. நான் கிடைக்குள்ள நுழையும்போது சொன்னார்.”

சின்னக்கருப்பு குழாயை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அது வெயிலு இல்லம்மா. மாட்டு வெக்கை. கிடைக்குள்ள நின்னுக்கிட்டுச் சீக்குன்னு சொல்ல மாட்டாக. சொன்னா அதைக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும். வெக்கையா இருக்குன்னு வெயிலைச் சொல்ற மாதிரிச் சொல்லுவாக. கேட்டவுக அங்கனயே திரும்பிப் போயிருவாக.”

சுகிர்தம் நோட்டின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. அந்த நோயை அவள் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறாள். ரிண்டர்பெஸ்ட். மாட்டு இனத்தையே தூக்கிக்கொண்டு போகும் கொள்ளை நோய். முதலில் காய்ச்சல்; அந்தக் காய்ச்சலோடு ரத்தத்தின் வெள்ளணுக்கள் அழியும்; பிறகுதான் கண்ணில் நீரும் வாயில் புண்ணும். கரும்பலகையில் படம் போட்டுக்கூடக் காட்டியிருக்கிறாள். அதற்குத் தமிழில் வெக்கை என்று பெயர் இருப்பது மட்டும், மாட்டையே பால்காரர் வாசலில் கண்ட போடி பஜார்க்காரிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும் கெட்டுப்போகவில்லை. அவை ஐந்து நாள் முன்பே பதில் சொல்லிவிட்டன.

ஏழாம் எண், தவசியின் பசு கருமறை.

கருமறையைச் சினைப்படுத்தியது காட்டுமாட்டுக் காளைதான் என்று தவசி சத்தியம் செய்வார். அதன் எட்டு மாதக் கன்று அதை ஒத்துக்கொள்ளும்படிதான் இருந்தது. சாம்பல் கலந்த கருப்பு. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. தவசி அதைக் காட்டான் என்று கூப்பிட்டார். கூப்பிட்டால் வராது. பால்குடி மறந்ததும் தாயை விட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. வாரத்துக்கு ஒருமுறை உப்பு நக்க மட்டும் கிடைப்பக்கம் வரும். அதன் ரத்தம் இன்னும் அவள் கைக்கு வரவில்லை.

அதை ஓரிடத்துக்கு வரவழைக்கத்தான் ஜனவரியில் கம்பத்துச் சந்தையில் அரை மூட்டைக் கல்லுப்பு வாங்கினாள். கிடையிலிருந்து அரை மணி நேர நடையில் கூனிப்பாறை. முதுகு வளைந்த ஆள் குனிந்து நிற்பது போல இருக்கும். அதன் அடியில் கொட்டச் சொன்னாள். வனத்துறை அவளுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் மூன்றாவது நிபந்தனை, காட்டு விலங்கை இழுக்கும் எதையும் எங்கும் வைக்கக் கூடாது என்பது. அது அவளுக்குத் தெரியும். தவசியைத் தவிர வேறு யாருக்கும் உப்பு விஷயம் தெரியாது என்று நம்பியிருந்தாள்.

உப்புக்குக் கன்று வந்தது, பிடிக்கத்தான் நிற்கவில்லை. அதோடு காட்டுமாடுகளும் வந்தன. எதிர்ச்சரிவில் உட்கார்ந்து அவள் எண்ணியிருக்கிறாள், இருபத்தேழு. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கரிய முதுகு தெரிய, சத்தமே இல்லாமல் வந்து தலை தாழ்த்தும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்த அந்தக் காலைகளை ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் உப்பையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் புறப்பட்டாள். தேனி தாண்டும் வரைக்கும் மனதுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. ரத்தம் எடுத்துப் பத்து நாள். நோய் ஒட்டினால் வெளியே தெரிய நாலிலிருந்து ஒன்பது நாள். உப்புக் குழியில் சீக்கு மாடு நக்கிய எச்சில் இருந்தால், அதில் அடுத்து வாய் வைப்பது எது? பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சின்னமனூர் வந்தது, உத்தமபாளையம் வந்தது, திராட்சைத் தோட்டங்கள் வந்தன. கண்ணில் எதுவும் தங்கவில்லை.

கம்பத்தில் கால்நடை மருத்துவர் அய்யாத்துரையைப் போய்ப் பார்த்தாள். ஐம்பது வயது, அதிகம் பேசாதவர், அவளுக்கு ஐஸ் கிடைக்க வழி செய்து கொடுத்தவர். நோட்டைக் காட்டினாள், இரண்டு குழாய்களையும் சொன்னாள். அவர் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். மலைக்கிடை எதிலிருந்தும் தனக்கு ஒரு தகவலும் வரவில்லை என்றார். வராது என்றும் அவரே சொன்னார். வெக்கை என்று எழுத்தில் ஏறினால் காட்டுக்குள் மேய வனத்துறை கொடுக்கும் பாஸை நிறுத்திவிடுவார்கள். அதனால் செத்ததைப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். பையில் வெப்பமானியும் கையுறையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, வாங்க போவோம் என்று எழுந்தார்.

சுருளிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மூன்று மணி நேர ஏற்றம். முன்னால் அவர், பின்னால் அவள். பாதி வழி வரைக்கும் இருவர் மூச்சும் சரளைக்கல் உருளும் சத்தமும் மட்டும்தான். ஒரு திருப்பத்தில் அவர் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“நம்ம மாடும் காட்டுமாடும் ஒரே இடத்துல வாய் வைக்கிற மாதிரி ஏதாவது இருக்காம்மா? தண்ணி, உப்பு, எதாச்சும்?”

உப்பு என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஓடைத் தண்ணி இருக்கு சார்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவள் பின்தொடர்ந்தாள். அவர் கிடையில் மாடு பார்க்கும் நேரத்தில் தான் மட்டும் கூனிப்பாறைக்கு ஓடிப்போய், மிச்ச உப்பைப் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று மதுரையிலேயே யோசித்து வைத்திருந்தாள். அள்ளி ஓடையில் கரைத்துவிட்டால் முடிந்தது. கிடை மாடுகளுக்கு அவர் ஊசி போட ஏற்பாடு செய்வார். காட்டுமாடுகள் தப்பியிருந்தால் தப்பியிருக்கும். அனுமதியும் இருக்கும், கன்றும் இருக்கும், ஐம்பத்தொன்பதும் இருக்கும். யோசனையில் ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிடை வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது.

முள்வேலி வாசலில் தவசி நின்றார். நாலைந்து நாள் தூங்காத முகம். அவர் மனைவி பஞ்சம்மாள் உள்ளே ஒரு கிடாரியின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கருமறை கட்டும் முளை காலியாக இருந்தது. தவசி டாக்டரைக் கும்பிட்டார். சுகிர்தத்தைப் பார்த்ததும் குரலில் கோபமில்லை. ஒரு குழப்பம்தான் இருந்தது.

“அன்னைக்கே சொன்னேனே டீச்சரம்மா. இதே வாசல்ல வச்சுத்தேன் சொன்னேன். மேலே வெக்கைன்னு. நீங்க ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கிட்டுத் தலையை ஆட்டுனீக. நோட்டுலயும் எழுதிக்கிட்டீக. படிச்சவுக, தெரிஞ்சுதேன் உள்ள வாராகன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“விசிறி எடுக்கப் போயிருப்பாக” என்றாள் பஞ்சம்மாள், கிடாரியை விட்டுத் திரும்பாமலே.

அன்றைக்கு வராதே என்று சொன்ன மனிதரைத் தாண்டி உள்ளே போய், மாட்டுக்கு மாடு தொட்டு ஊசி குத்தி, கை கழுவி, அவர்கள் கொடுத்த கம்மங்கூழையும் குடித்துவிட்டு இறங்கியது சுகிர்தத்துக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அய்யாத்துரை கிடாரியின் வாயைப் பிளந்து பார்த்தார். ஈறிலும் நாக்கின் அடியிலும் தவிடு ஒட்டினாற்போல் வெளுத்துப் போயிருந்தது. விரலால் தேய்த்தால் தோலோடு வந்தது. கண்ணிலிருந்து வடிந்த நீர் கன்னத்தில் வரியாகக் காய்ந்திருந்தது. அவர் அடுத்த மாட்டுக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார். நாலு செத்துவிட்டன, ஆறு படுத்துவிட்டன என்று தவசி பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனார். கருமறை போன சனிக்கிழமை போய்விட்டது. எட்டாம் எண் கிடாரி நேற்று.

“சீக்கு மாட்டையெல்லாம் பிரிச்சு வச்சியா?” என்று கேட்டார் டாக்டர்.

“வச்சேனே. நல்ல மாட்டுக்கு ஒட்டிரும்னு ஒடனே பிரிச்சுட்டேன். கூனிப்பாறையில கொண்டு போய்க் கட்டுனேன்.”

“அவ்வளவு தூரம் எதுக்கு?”

“அங்கன உப்பு கிடந்துச்சு சார். வாய்ப்புண்ணுக்கு உப்புத்தானே. நக்கட்டும்னு அஞ்சு நாளு அங்கனயே கட்டிப் போட்டேன். கருமறை அங்கனதேன் நக்கிக்கிட்டே சாஞ்சது.”

டாக்டர் நிமிர்ந்தார். சுகிர்தம் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். பாறையடியில் சீக்கு மாடு எப்போதாவது வந்து நக்கியிருக்கலாம் என்றுதான் வழியெல்லாம் கணக்குப் போட்டு வந்தாள். ஐந்து நாள், வாயில் புண்ணோடு, அங்கேயே கட்டிப்போட்டிருப்பார்கள் என்பது அவள் கணக்கிலேயே இல்லை. தவசி செய்ததில் தவறு என்று எதைச் சொல்வது? மருந்து இருந்த இடத்துக்கு மாட்டைக் கொண்டு போயிருக்கிறார்.

“காட்டுக்குள்ள உப்பை யாரு போட்டது?” என்று கேட்டார் அய்யாத்துரை. குரல் உயரவில்லை.

தவசி சுகிர்தத்தைப் பார்த்தார். இமை தட்டும் நேரம்தான். பிறகு பார்வையைத் தரைக்குக் கொண்டு போனார்.

“நாந்தேன் சார்.”

“நீ போட்டதுன்னு எழுதினா என்ன ஆகும் தெரியும்ல? உன் பாஸு மட்டுமில்ல. இந்தக் கிடையையே மலையை விட்டு எறக்கிருவாக. திரும்ப ஏத்த மாட்டாக.”

“எழுதிக்கங்க.”

கிடாரி ஒருமுறை இருமியது. ஈக்களின் சத்தம் கேட்டது. பஞ்சம்மாள் துணியைச் சட்டியில் போட்டுவிட்டு, அப்போதுதான் திரும்பி சுகிர்தத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை.

“அரை மூட்டையை ஒத்தையில சுமந்துக்கிட்டு ஏறுனதென்னவோ என் வீட்டுக்காரரு முதுகுதேன்” என்றாள்.

தவசி ஏன் அப்படிச் சொன்னார் என்று சுகிர்தத்துக்குப் புரியவில்லை. கிடைக்கு வந்த ஆளை மாட்டிவிடக் கூடாது என்பதாலா, படித்தவள் அழுதுவிடுவாள் என்பதாலா, இல்லை, அவள் தன்னை ஒரு நாளும் ஏய் என்று கூப்பிட்டதில்லை என்பதாலா? இன்னும் பத்து எண்ணும் நேரம் அவள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவர் சொன்னதே உண்மையாகி, எழுத்தாகி, முத்திரையும் விழுந்துவிடும். அவள் எண்ணவும் செய்தாள். நான்கு வரைக்கும் வந்தாள்.

“சார். உப்பு நான் போட்டது. கன்றுக்காகப் போட்டேன். ஜனவரியில.” கொஞ்சம் நிறுத்தி, “அங்க காட்டுமாடும் வருது. இருபத்தேழு” என்றாள்.

அய்யாத்துரை கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

“ஓடைத் தண்ணின்னீங்களேம்மா” என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் என்றைக்கும் பேசவில்லை.

நாலு பேருமாகக் கூனிப்பாறைக்குப் போனார்கள். பையில் அள்ளிக்கொண்டு போக அங்கே உப்பு என்று தனியாக எதுவும் இல்லை. கல்லுப்பு எப்போதோ பனியில் கரைந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்த மண்ணை நக்கி நக்கி, பாறையடியில் இடுப்பளவு குழியாகிவிட்டது. குழியின் சுவரில் நாக்கு இழுத்த தடம் வரிவரியாக இருந்தது. பெரிய நாக்குகளும் சின்ன நாக்குகளும். ஓரத்தில் கருமறையைக் கட்டிய கயிறு அறுந்து கிடந்தது. பசுவைப் புதைத்த இடத்தில் மண் இன்னும் புதிதாகத் தெரிந்தது.

தவசிதான் முதலில் பார்த்தார். கையை நீட்டிக் காட்டினார்.

எதிர்ச்சரிவில், சுகிர்தம் வழக்கமாக உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு காட்டுமாட்டுப் பசு தனியாக நின்றது. மனிதர்களைக் கண்டும் ஓடவில்லை. தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து மூக்கு வரைக்கும் மினுங்கியது. ஈ மொய்த்த முகத்தை உதறக்கூட அதற்குத் தெம்பு இல்லை. அவள் அதை அறிவாள். இடது கொம்பு நுனி உடைந்தது, அவள் எண்ணி வைத்த மந்தையில் பதினான்காம் எண். வழக்கமாக மந்தைக்கு முன்னால் வருவது அதுதான்.

டாக்டர் தன் நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். கண்டவர் எழுத வேண்டும் என்றார். அவள் பாறையில் வைத்து எழுதினாள். தேதி. இடம். மாடுகளின் எண்ணிக்கை. உப்பு வைத்தவர் என்று எழுதித் தன் பெயரை எழுதினாள். நோயின் பெயர் வரும் இடத்தில் கை நின்றது. ரிண்டர்பெஸ்ட் என்று எழுதி, பக்கத்திலேயே வெக்கை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“இது போய்ச் சேர்ந்தா உங்களுக்கு இந்த மலை இல்லம்மா” என்றார் அவர், நோட்டை வாங்கிக்கொண்டு. தெரியும் என்றாள்.

பிறகு வேலை. சீக்கு மாடு கிடையை விட்டு நகரக் கூடாது. சுற்றியுள்ள எல்லாக் கிடைக்கும், அடிவாரத்து ஊர் மாட்டுக்கும் ஊசி போட வேண்டும். மதுரையிலிருந்து மருந்து ஐஸில் வர வேண்டும். இந்தக் குழிக்குச் சுண்ணாம்பு கொட்டிக் கல்லால் அடைக்க வேண்டும்; சுண்ணாம்பு கழுதைமேல் ஏறி வர இரண்டு மூன்று நாளாகும். காட்டுமாட்டுக்கு ஊசி போட யாராலும் முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான், சுண்ணாம்பு வரும் வரைக்கும் இந்தக் குழியில் இனி ஒரு வாயும் படாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு ஆள் வேண்டும் என்றார். நான் இருக்கிறேன் என்றாள் சுகிர்தம். தனியாக இருக்க வேண்டாம் என்றார் தவசி. பஞ்சம்மாள் கிடைக்குப் போய் இரண்டு பழைய மண்ணெண்ணெய் டின்னும் உருட்டுக்கட்டையும் ஒரு சட்டியில் கேப்பைக் களியும் கொண்டுவந்து வைத்தாள். கட்டையைச் சுகிர்தத்திடம் கொடுக்கும்போது, “ஓங்கி அடிக்கணும் டீச்சரு. நோட்டுல எழுதுற மாதிரி இல்ல” என்றாள்.

அடித்தாள். முதல் நாள் சாயங்காலமே மந்தை வந்தது. பனிக்குள்ளிருந்து முதல் முதுகு தெரிந்ததும் தவசி அவளைப் பார்த்தார். சருகு மிதிபடாமல் கால் வைக்கவும், இருமல் வந்தால் முந்தானையில் அமுக்கவும், அவை தன்னைக் காணாமல் இருக்கவும் இந்த இடத்தில் பழகியவள் அவள். கட்டையை ஓங்கி டின்னில் இறக்கினாள். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் மந்தை சரிவைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. மறுநாள் விடியும்போது வந்தது, மறுபடி அடித்தாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. நடுப்பகலில் வெறும் காட்டுக்கோழி சலசலத்ததற்கும் அடித்தாள். பதினான்காம் எண் பசு எங்கும் போகவில்லை. சரிவிலேயே படுத்து, இரண்டாம் நாள் மத்தியானம் எழுந்திருக்கவில்லை. தவசியும் அவளும் அதன்மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடினார்கள்.

இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, ஏன் அண்ணே உங்க மேல போட்டுக்கிட்டீங்க என்று அவள் கேட்டாள். தவசி வெகுநேரம் டின்னின் நசுங்கலைக் கையால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். சீக்கின் பேரைத் திறந்து சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே திரும்பியிருப்பாள், டாக்டரும் அன்றைக்கே வந்திருப்பார் என்றார். பேருக்குப் பயந்தவனுக்கும் பங்கு இருக்குதானே என்றார். அவள் களியில் பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் பனி அதிகம். பாறையின் கூன் கூடத் தெரியவில்லை. சுண்ணாம்புக் கழுதைகள் விடியுமுன் சுருளிப்பட்டியை விடும் என்று முந்தின நாளே சேதி வந்திருந்தது. பொழுது ஏறுவதற்குள் வந்துவிடும். சுகிர்தம் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழிக்கு இருபது அடியில் பனி கொஞ்சம் கலைந்தது. அங்கே நாலு வெள்ளைக் கால்கள் நின்றன.

காட்டான் தனியாக வந்திருந்தது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. தாய் புதைந்த மண்ணைப் பார்த்து ஒரு அடி வைத்தது; அறுந்த கயிற்றை மோந்தது.

தவசி அவள் காதோரம் குனிந்தார். “டீச்சரு. கயிறு இருக்கு. தாயைத் தேடி வந்திருக்கு, நான் சத்தம் குடுத்தா இப்ப வரும். ஒரு நிமிசம் அமுக்கிப் பிடிச்சுக்கிறேன். உங்க சாமான் பையில இருக்குல்ல?”

இருந்தது. ஊசி, குழாய், ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து, எல்லாம் பழக்க தோஷத்தில் மதுரையிலிருந்தே பையில் வந்திருந்தன. பிளாஸ்கில் ஐஸ் இல்லை. ஆனால் அடிவாரம் வரைக்கும் ஓடினால் ரத்தம் தாங்கும். அவள் எழுதிக் கொடுத்தது மேலே போய்ச் சேர இன்னும் இரண்டு நாளாவது ஆகும். அதுவரைக்கும் அனுமதிக் கடிதம் செல்லும். அவள் தன் கையைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் தவசியைக் காவலுக்கு விட்டுக் கிடைக்குப் போய், பஞ்சம்மாளோடு சேர்ந்து சீக்கு மாட்டின் வாயைத் துடைத்த கை. சேலை முழுவதும் அந்த நாற்றம்தான். தவசியின் வேட்டியும் கயிறும் அப்படியே. கன்றுக்கு இதுவரை ஒட்டாமல் இருந்தால் இந்தப் பிடியில் ஒட்டும். விட்டதும் அது நேராக மந்தைக்குத்தான் போகும்.

கன்று குழியின் விளிம்பில் முன்னங்காலை வைத்தது.

சுகிர்தம் அடித்தாள். டின் துள்ளி மடியிலிருந்து விழுந்தது. விழுந்ததைத் தரையில் வைத்தே அடித்தாள். கன்று மிரண்டு, பின்னங்கால் வழுக்கி விழுந்து எழுந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்தது போல இருந்தது. பிறகு பனிக்குள் போய்விட்டது. சருகு நொறுங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அவள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள். தவசி கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

“கண்ணுல தண்ணி ஓடுச்சா?” என்று கேட்டார் அவர். “பாத்தீகளா?”

“பனியில தெரியல அண்ணே. நீங்க?”

“எனக்கும் தெரியல தாயி.”

கீழே எங்கோ கழுதையின் மணிச்சத்தம் கேட்டது. தவசி எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். சுகிர்தம் டின்னை நிமிர்த்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கன்று போன திசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பையில் வெப்பமானி இருந்தது. களக்குறிப்புக்கு வெப்பம் பார்க்கும் எட்டு மணியாகியும் அவள் அதை எடுக்கவில்லை.